தங்கவேல் அண்ணனின் மூன்று பெட்டிகள்

1

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று தகரப் பெட்டிகள் கைவண்டியில் வந்து நான் தைக்கிற கடை வாசலில் இறங்கின. கப்பலில் ஏற்றும் பெட்டிகளுக்குச் சாக்குத் துணியால் உறை போட்டுத் தைத்து வாங்கிப் போவது இங்கே அந்தமானில் வழக்கம். மூன்று நாலு நாள் கப்பலின் அடியில் உருண்டு புரண்டு போகிற பெட்டிக்கு உறை இல்லாவிட்டால், மெட்ராஸில் இறங்கும்போது அது பெட்டியாக இறங்காது. அபர்டீன் பஜாரில் அந்தத் தையலுக்கு இன்றைய தேதியில் என்னை விட்டால் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

யாருடைய பெட்டி என்று வண்டிக்காரனிடம் கேட்டேன். ஹெட் கிளார்க் பாபு ரிடையர் ஆகிவிட்டார், வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஊரோடு போகிறார் என்று இந்தியில் சொன்னான். எந்த ஹெட் கிளார்க் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் தங்கவேல் என்று பெயர் இருந்தது.  

மூன்றுக்கும் பூட்டு இல்லை. இந்த உப்புக் காற்றில் பூட்டுகள் துருப்பிடித்து உதிர்ந்துபோகும். சும்மா கொக்கியை மாட்டி அனுப்பியிருந்தார்.

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்து எனக்கு இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. அதில் பதினெட்டு வருஷம் சர்க்கார் ஆபீஸ். கடைசி ஐந்து வருஷம் கோணி ஊசி. ஊரிலிருக்கும் உங்களுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் "ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன்" என்றே எழுதிவந்தேன். ஊசி பிடித்த பிறகும் அப்படியே எழுதினேன். உண்மையை எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன், ஏனென்றால் அந்தப் பெட்டிகள் உங்கள் பக்கம்தான் வருகின்றன.

2

நான் வந்த காலத்தில் கிழக்கு வங்காளத்து அகதிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து, காட்டை வெட்டி நிலம் கொடுத்துக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ்களில் காகிதம் மலையாகக் குவிந்தது. ஆள் போதவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தோற்றவன் என்றாலும் எனக்கு பியூன் வேலை உடனே கிடைத்தது. ஊரில் நான் கப்பலேறப் போகிறேன் என்றதும் சித்தப்பா கேட்டது நினைவிருக்கிறது: "எத்தனை வருசம் தீர்ப்பாச்சு?" அந்தமான் என்றால் ஜெயில் என்பதைத் தவிர உங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் என்ன தெரியும்.

எந்த ஆபீஸ் என்று எழுதமாட்டேன். அங்கே ஏற்கெனவே கிளார்க்காக இருந்தவர் தங்கவேல் அண்ணன். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், பந்தல்குடிக்காரர். நான் வாயைத் திறந்த முதல் வார்த்தையிலேயே "நம்ம பக்கமா?" என்று கேட்டு, அன்று மத்தியானமே வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார். எனக்குப் பெண் பார்த்தபோது ஊருக்குக் கடிதம் எழுதியது அவர். என் மகள் செல்வி பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு நின்றது அவர். ஒட்டுமில்லை உறவுமில்லை, ஆனால் இந்தத் தண்ணிக்கு நடுவில் எனக்கு அண்ணன் என்று ஒருவர் இருந்தார் என்றால் அவர்தான். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் மற்றதை நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஏழு வருஷம் பியூனாக இருந்த பிறகு, டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்த மலையாளி மாற்றலாகிப் போனார். "நீ பாரு சம்முவம், பிறகு பதவி தானா வரும்" என்று அந்த மேசையில் என்னை உட்காரவைத்தார் அண்ணன். அதற்குள் அவர் ஹெட் கிளார்க் ஆகியிருந்தார். வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் நம்பர் போட்டு, ரிஜிஸ்தரில் எழுதி, உறையிலிட்டு, கப்பல் கிளம்புகிற நாளன்று எல்லாவற்றையும் கித்தான் பையில் அடுக்கி, வாயை மடித்துத் தைத்து, அரக்கு முத்திரை வைத்துச் சேர்ப்பிக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு கப்பல். கப்பல் நாள் என்றால் ஆபீஸே பேய் பிடித்தது மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு விட்ட கடிதம் அடுத்த கப்பலுக்குத்தான். அதற்குள் மெயின்லேண்டில் யாராவது ஓர் அதிகாரி மாறியே போயிருப்பார்.

பையின் தையலில் நான் பெரிய சூரன். விரல் நுழையாது, ஊசி முனைகூட நுழையாது, அவ்வளவு நெருக்கித் தைப்பேன். இன்னொன்றிலும் நான் சூரன். அந்தரங்கக் கடிதங்கள் இரட்டை உறையில் போகும். உள்ளுறைக்கு ஹெட் கிளார்க்கே அரக்கு வைத்துக் கொடுப்பார். வெளியுறை போடுவது என் வேலை. யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு மெமோ, யாருக்கு மாற்றல் என்று ஊர் முழுக்கத் துடித்துக்கொண்டிருக்கும். டீக்கடையில் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் உறையைப் பிடித்தாலே பாதி தெரியும் என்று சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு. நான் ஒருநாளும் பிடித்ததில்லை. படிப்பில்லாத, பதவியில்லாத எனக்கு அந்த ஆபீஸில் இருந்த ஒரே சொத்து அது. அண்ணனுக்கு அது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

3

டெஸ்பாட்ச் மேசையில் பதினொரு வருஷம் உட்கார்ந்தும் ரிஜிஸ்தரில் நான் பியூன்தான். சம்பளமும் பியூன் சம்பளம்தான். ஆபீசர் வடக்கத்தியர், இரண்டு வருஷத்துக்கு ஒருவர் மாறுவார். ஒவ்வொருவரும் வந்ததும் என் இந்தியைக் கேட்டுச் சிரிப்பார். எங்கள் தீவு இந்தி என்பது பெங்காலி, தெலுங்கன், மலையாளி, நாம் எல்லோரும் சேர்ந்து இடித்துக் குத்திச் செய்தது. அதைத் தில்லிக்காரரிடம் பேசினால் அவருக்குச் சர்க்கஸ் பார்க்கிற மாதிரி இருக்கும். சிரித்து முடித்ததும் அண்ணன் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். ஆபீஸை நடத்தியது அண்ணன்தான்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு கிளார்க் பதவியை நிரந்தரமாக்கப் போகிறார்கள், ஆபீஸில் ஏற்கெனவே அந்த வேலை பார்க்கிறவர்களில் ஒருவர் பெயரைச் சிபாரிசு செய்து அனுப்புக. அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "உன் பேருதான் போகுது, வீட்ல சொல்லிரு" என்றார். நான் வீட்டில் சொன்னேன். என் மனைவி பாக்கியம் பஜாருக்குப் போய் அரைக் கிலோ சீனி வாங்கிவந்து பாயசம் வைத்தாள்.

கப்பல் நாள் வந்தது. பையைத் தைத்து, முத்திரை வைத்து, கொடுத்தும் விட்டேன். தபால் கட்டிய பிறகு மூன்று மணிக்கு அண்ணன் ஓர் உறையை எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். உள்ளுறை, அரக்கு சூடு ஆறாமல் பளபளத்தது. "இதுவும் போகணுமே சம்முவம். நேரமாயிருச்சோ?" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அது என் பெயர் போகிற கடிதம் என்று எனக்குத் தெரியாதா என்ன. வெளியுறை போட்டேன், நம்பர் போட்டேன், ரிஜிஸ்தரில் ஏற்றினேன். ஆபீஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் கிளம்பினேன். ஹேடோ ஏற்றத்தில் செயின் கழன்றது. மாட்ட நேரமில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். உறை சட்டைக்குள், வயிற்றோடு. சாத்தம் பாலம் தாண்டி ஜெட்டித் துறைக்குப் போனபோது கப்பலின் ஏணியை எடுக்கத் தயாராகிவிட்டார்கள். தபால் ஏற்றுகிற ஆள் என்னை அறிவான். அவன் காலில் விழாத குறை. வாங்கிக்கொண்டான்.

கப்பல் நகர்ந்து எதிர்க்கரை பாம்பூஃப்ளாட் பக்கம் திரும்புகிற வரை நனைந்துகொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இந்தத் தீவில் ஒருநாளும் நின்றதில்லை.

4

பதில் மூன்றாவது கப்பலில் வந்தது. உள்ளே வருகிற சாதாரணக் கடிதங்களைப் பிரித்துப் பதிவதும் என் வேலைதான். "தங்கள் இன்ன நம்பர் கடிதத்தில் சிபாரிசு செய்தபடி" என்று தொடங்கியது. நம்பர் நான் போட்டது. ரிஜிஸ்தரைப் பிரித்து ஒத்துப் பார்த்தேன். என் கையெழுத்து, மழைத் தேதி. அதற்குக் கீழே நிரந்தரமாக்கப்பட்டவரின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. அண்ணன் மனைவியின் தம்பி. ஆபீஸுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத டெம்பரரி. இதுவரை டெஸ்பாட்ச் பார்த்துவந்த பியூன், போதிய கல்வித் தகுதியும் வேலைத் திறமையும் இல்லாதவர் என்று தாங்கள் தெரிவித்திருப்பதால், தன் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று கடைசி வரி.

கடிதத்துக்கு உள்வரவு நம்பர் போட்டு, அண்ணன் தட்டில் வைத்துவிட்டு, ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். அவர் படித்தார். ஏதாவது சொல்வார் என்று சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். "மேலேருந்து இப்படி பண்ணிட்டாய்ங்களே" என்று ஒரு பொய்யாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தம்பி நல்ல பையன்தான், அவனைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பை தைக்கத் தெரியாது. அடுத்த கப்பல் நாளில் ஊசியைக் கையில் குத்திக்கொண்டு திருதிருவென்று விழித்தான். நான் போய்த் தைத்துக் கொடுத்தேன். அன்று அந்தப் பைக்குள் என் ராஜிநாமாக் கடிதமும் இருந்தது. முறைப்படி ஹெட் கிளார்க் வழியாகத்தான் அது போகவேண்டும். அண்ணன் அதிலும் "அனுப்பப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு வார்த்தை, "ஏம்ப்பா?" என்று கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் நாங்கள் பேசவில்லை. இந்த ஊர் எவ்வளவு பெரிது என்கிறீர்கள்? ஒரு பஜார், ஒரு மணிக்கூண்டு. அவர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம். ஏன் போய்ச் சட்டையைப் பிடிக்கவில்லை என்று பாக்கியம் மாதம் ஒருதரம் கேட்பாள். அவரிடம் போய்க் கேட்பதென்றால் நான் அவரை எவ்வளவு நம்பினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அது எனக்கு மானக்கேடாக இருந்தது.

5

நாற்பத்திரண்டு வயதில் வேலையை விட்டவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்று தெரியும். இங்கேயும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பஜாரில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற காதர் பாய் ஆளனுப்பினார். கீழக்கரைக்காரர். என் பைகளின் தையலைத் தபால் ஆபீஸ் வாசலில் பார்த்திருக்கிறார். பாராடாங் பக்கம் ரோடு போடுகிற கான்ட்ராக்டர்களின் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்க ஆள் இல்லை, தன் கடை வராந்தாவிலேயே உட்கார்ந்து தைக்கலாம் என்றார்.

முதல் தார்ப்பாயை ஒன்பது நாள் தைத்தேன். இரண்டு கித்தான் துண்டுகளைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த ஒரே தையலில், நெருக்கி நெருக்கி. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். லாரி போன மூன்றாம் நாள் காற்றும் மழையும் அடித்தது. தபால்தலையைக் கிழிப்பது மாதிரி, தையல் போட்ட துளைகள் வழியாகவே நேர்கோட்டில் இரண்டாகக் கிழிந்துவிட்டது. லாரியிலிருந்த சிமென்ட் மொத்தமும் கல்லாகிப்போனது. கான்ட்ராக்டர் ஆந்திராக்காரர், கடை வாசலில் நின்று மூன்று பாஷையில் திட்டினார். மூன்றும் எனக்குப் புரிந்தது.

காதர் பாய் கிழிந்த ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது லெட்டர் பை இல்ல. ஒருத்தனும் பிரிச்சுப் பாக்க வரமாட்டான். காத்துதான் வரும். காத்துக்கு எடம் விட்டுத் தைங்க."

எட்டித் தைக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. கை தானாக நெருக்கும். ஒவ்வொரு குத்துக்கும் மனதை அடக்கிக் கையைத் தள்ளிவைக்க வேண்டும். பதினெட்டு வருஷம் நான் கற்ற ஒரே கெட்டிக்காரத்தனம் இங்கே குற்றமாக இருந்தது. உள்ளங்கையில் தோல்பட்டை கட்டி, தார் நாற்றம் தலைமுடியில் ஏறி, சாப்பாட்டில் ஏறி, இன்றைக்கு அது என் நாற்றமே ஆகிவிட்டது. பத்து வருஷம் முன்னாலேயே இதற்கு வந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் தானாக வந்திருக்கவேண்டும், தள்ளிவிட்டு வந்திருக்கக்கூடாது.

செல்விக்கு இப்போது பதிமூன்று. அப்பா ஆபீஸில் இருந்ததே அவளுக்கு மங்கலாகத்தான் நினைவு. தோழிகளோடு இந்தி, எங்களோடு பாதித் தமிழ் பாதி இந்தி. பள்ளிக்கூட பாரத்தில் தாய்மொழி என்ற இடத்தில் இந்தி என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். கேட்டால், "எழுதத் தெரியாத பாஷையை எப்படிப்பா போடுறது?" என்கிறாள்.  பெட்டிகளின் மேல் விலாசம் எழுதுவது அவள்தான், இந்தியிலும் இங்கிலீஷிலும். பந்தல்குடி என்ற பெயரை எழுத்துக்கூட்டி என்னிடம் இரண்டு தரம் கேட்டாள். "இது எங்கப்பா இருக்கு?" என்றும் கேட்டாள். அவளைத் தூக்கி வளர்த்த பெரியப்பாவின் ஊர் என்று சொல்லாமல், அருப்புக்கோட்டைப் பக்கம் என்றேன்.

6

மூன்று பெட்டிகளையும் புதன், வியாழன் இரண்டு நாளும் தைத்தேன். பாக்கியம் வந்து பார்த்துவிட்டு, "அந்தாளுக்கா இவ்வளவு நெருக்கித் தைக்கிறீங்க?" என்றாள். பெட்டித் தையல் அப்படித்தான், யாருக்கென்றாலும். கொக்கி மாட்டிய பெட்டிகள் மூன்றும் தைக்கிற வரை கடை வராந்தாவில் கிடந்தன. ஒரு மூடியைக்கூட நான் தூக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவரே கைவண்டியோடு வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. பெட்டிகளைத் தடவிப் பார்த்தார். "தையல்னா இது தையல்" என்றார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. பிறகு கொஞ்சம் தயங்கி, "சாமான் எல்லாம் சரியா இருக்கும்ல?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு அப்போது சரியாக உறைக்கவில்லை. இனி இவரைப் பார்க்கப் போவதில்லை, இன்று விட்டால் அடுத்த கப்பல் இல்லை என்று மட்டும் தோன்றியது. கேட்டுவிட்டேன்.

"அந்தக் கவரை ஏன்ணே எங்கிட்டயே குடுத்தீங்க? நீங்களே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாமே."

மறுப்பார், எந்தக் கவர் என்பார் என்று நினைத்தேன். அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"நீ பிரிச்சுப் பாத்துருவன்னுதான் குடுத்தேன். வீட்ல அவ தம்பிக்குன்னு ஒரே நெருக்கடி. ஒன் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தைரியம் இல்ல. எப்படியும் வழக்கம்போல பிரிச்சுப் பாப்ப, வந்து சண்டை போடுவ, அதச் சாக்கா வச்சுக் கிழிச்சுப் போட்டுட்டு ஒம் பேருக்கு எழுதிருவோம்னு இருந்தேன். நீ என்னடான்னா சைக்கிள எடுத்துட்டு ஓடிட்ட."

"வழக்கம்போலயா?" என்று கேட்டேன்.

"ஏன், அத்தன வருசம் எல்லாக் கவரும் ஒங்கை வழியாத்தான போச்சு. யாருதான் பாக்கமாட்டா. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல சம்முவம்."

பதவி போனது எனக்கு ஆறிவிட்ட புண். இது புதிது. என் மேசைக்கு எதிர் மேசையில் பதினொரு வருஷம் உட்கார்ந்து, என் சோற்றைத் தின்று, தன் சோற்றைப் போட்டு, இந்த மனுஷர் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே, பெரிய மனசு பண்ணி மன்னித்தும் வந்திருக்கிறார். நான் எதைச் சொத்து என்று கட்டிக் காத்தேனோ அது அவர் கண்ணில் ஒருநாளும் இருந்ததில்லை. அவரை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று நினைத்துவந்தேனோ அதெல்லாம் வெறுப்பே இல்லை என்று அப்போது தெரிந்தது.

சணல் அறுக்கிற கத்தியை எடுத்தேன். அவர் எழுந்து பின்னால் நகர்ந்தார். பயந்தே போய்விட்டார். நான் முதல் பெட்டியின் மூடிப் பக்கத் தையலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அறுத்தேன். பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"பெட்டிக்குப் பூட்டு இல்லண்ணே. மூணு நாளா எங்கிட்ட கெடந்துருக்கு. எல்லாஞ் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க."

"என்ன சம்முவம் இது, கப்பலுக்கு நேரமாகுது."

"நேரம் இருக்கு. பாருங்க."

காதர் பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். வண்டிக்காரன் பீடியை அணைத்தான். டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வந்தார்கள். அண்ணன் பஜார் நடுவில் குனிந்து உட்கார்ந்து, மதினியின் புடவைகளை, பித்தளைக் குடத்தை, பெரிய சங்குகளை, ஆபீஸில் பிரிவுபசாரத்துக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தார். ஒவ்வொரு பெட்டியும் முடிகிற வரை நான் நகரவில்லை. கடைசியில், "எல்லாம் இருக்கு" என்றார். காது கேட்காதவன் மாதிரி நின்றேன். சத்தமாக இன்னொரு தரம் சொன்னார்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து மூன்றையும் மறுபடி தைத்தேன். ஆளனுப்பிக் கூப்பிட்டதும் பாக்கியமும் செல்வியும் வந்து சாக்கை இழுத்துப் பிடித்தார்கள். பழைய துளைகளில் தைத்தால் பிடிக்காது. பக்கத்தில் புதிதாகக் குத்தவேண்டும். விரல் நுழையாத தையல். வண்டி கிளம்பும்போது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கப்பலைப் பிடித்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பெட்டிகள் இந்நேரம் உங்கள் பக்கம் வந்து சேர்ந்திருக்கும். தங்கவேல் அண்ணனைப் பார்க்கப் போகிறவர்கள் சாக்கு உறையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தையலை ஒட்டி இன்னொரு வரிசைத் துளைகள், நூல் இல்லாமல், முழு நீளத்துக்கும் ஓடும். யாரோ வழியில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். பிரித்தது நான்தான். உள்ளே பார்த்தது அவர்.